கருக்கலைப்பு எப்போது கட்சிச் சண்டை ஆனது?

நீங்கள் கேட்டது இதுதான்: "கருக்கலைப்பை எதிர்ப்பது இரண்டாயிரம் ஆண்டுக் கிறிஸ்தவ நம்பிக்கை என்கிறார் என் நண்பர். அமெரிக்க அரசியல்வாதிகள் 1970களில் வாக்குக்காகக் கிளப்பிவிட்ட விவகாரம் அது என்று நான் படித்திருக்கிறேன். எது சரி?" இந்த ஒரு வரிக்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. மதங்கள் எப்போதிலிருந்து இதைக் கண்டிக்கின்றன, சட்டம் எப்போது இதைக் குற்றமாக்கியது, ஒருவர் எந்தக் கட்சிக்காரர் என்பதைக் காட்டும் அடையாளமாக இது எப்போது மாறியது. உங்கள் நண்பர் முதல் கேள்விக்கு விடை சொல்கிறார். நீங்கள் மூன்றாவதற்குச் சொல்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டை இருவருமே தாண்டிக் குதித்துவிட்டீர்கள். என் பார்வையில் கதையின் பாதி அங்கேதான் நடக்கிறது.

நான் சட்ட வரலாறு கற்பித்தவன். மருத்துவனும் அல்ல, இறையியலாளனும் அல்ல. கரு எந்த நொடியில் மனிதனாகிறது என்ற கேள்விக்கு விடை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அதற்கு விடை தேடி இதைப் படிக்க வேண்டாம். பழைய சட்டங்களைப் படிக்கும்போது மாணவர்களிடம் ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்வேன்: வயிற்றில் ஒரு பிள்ளை இருக்கிறது என்று யார் சொன்னால் அது செல்லும்? தாயா, மருத்துவரா, குருவானவரா, நீதிபதியா? அந்த அதிகாரம் கைமாறிய ஒவ்வொரு முறையும் சண்டையின் வடிவமும் மாறியிருக்கிறது.

முதலில் மதம். கண்டனம் பழையது என்பதில் ஐயமே வேண்டாம். முதல் நூற்றாண்டின் இறுதியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்த 'டிடாக்கே' என்ற கிறிஸ்தவ ஒழுக்க நூல் கருவைக் கலைத்துக் கொல்லாதே என்று நேரடியாகவே சொல்கிறது. கி.பி. 314இல் அன்சிராவில் கூடிய ஆயர் மன்றம் இதற்குப் பத்தாண்டுத் தவத்தை விதித்தது. இந்து தர்ம நூல்கள் கருவைக் கொல்வதை, அதாவது பிரூணஹத்தியை, பெரும்பாவங்களில் வைக்கின்றன. கருக்கலைப்புக்குத் துணைபோன பிக்குவைப் பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதியான விநயம் சங்கத்திலிருந்தே நீக்குகிறது. ஆனால் கண்டிப்பது வேறு, கொலை என்பது வேறு. இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். எல்லாக் கட்டத்திலும் இது கொலைக்குச் சமம் என்பது மேற்கத்தியத் திருச்சபையில் நெடுங்காலம் நிலைத்த கருத்தாக இருக்கவில்லை.

இதற்கு ஒரு மொழிபெயர்ப்பும் காரணம். விவிலியத்தின் யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் வருகிறது. ஆண்கள் சண்டையிடும்போது இடையில் ஒரு கர்ப்பிணி அடிபட்டுக் கரு வெளியேறிவிட்டால், வேறு சேதம் இல்லையென்றால் அபராதம், சேதம் உண்டென்றால் உயிருக்கு உயிர். சேதம் யாருக்கு என்று எபிரேய மூலம் தெளிவாகச் சொல்லவில்லை. தாய்க்கு நேரும் சேதம் என்று யூத மரபு கொண்டது. அதனால் பிரசவத்தில் தாயின் உயிருக்கு ஆபத்து வந்தால் சிசுவை வயிற்றிலேயே துண்டித்து எடுக்கலாம், ஆனால் அதன் பெரும்பகுதி வெளியே வந்துவிட்டால் தொடக்கூடாது என்று யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா விதித்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டையொட்டி யாத்திராகமத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்களோ சேதம் என்ற இடத்தில் 'உருவம் பெற்றது', 'உருவம் பெறாதது' என்ற பாகுபாட்டைக் கொண்டுவந்தார்கள். ஆண் கரு நாற்பது நாளிலும் பெண் கரு தொண்ணூறு நாளிலும் உருப்பெறும் என்ற அரிஸ்டாட்டிலின் கணக்கு அதோடு சேர்ந்துகொண்டது. கிறிஸ்தவ இறையியலாளர்களான அகஸ்டினும் தாமஸ் அக்வினாஸும் இந்தப் பாதையில் வந்தவர்கள்தான். தொடக்கத்திலேயே கலைப்பது பாவம், உருவம் வந்தபின் கலைப்பதே கொலை என்பது இடைக்காலத் திருச்சபைச் சட்டத்தில் ஊன்றி நின்றது. இஸ்லாமிய அறிஞர்களிடமும் இதுபோல ஒரு எல்லை உண்டு. 120 நாளில் உயிர் ஊதப்படுகிறது என்று பொதுவாகக் கொண்டாலும், அதற்கு முன் கலைக்கலாமா என்பதில் ஹனஃபி என்ற சட்ட மரபின் அறிஞர்கள் பலர் காட்டிய நெகிழ்வை மாலிக்கி என்ற சட்ட மரபு காட்டவில்லை.

இனி, சட்டம். இங்கிலாந்தின் வழக்காற்றுச் சட்டம் இந்த இறையியல் கணக்குகளுக்குள் போகாமல் எளிய அளவுகோல் ஒன்றை வைத்திருந்தது. நான்காம், ஐந்தாம் மாதத்தில் பிள்ளை முதன்முறையாகத் துடிப்பதைத் தாய் உணர்கிறாளே, அந்த நேரம். வயிற்றில் சிசு அசையத் தொடங்கும்போதுதான் சட்டத்தின் கண்ணில் உயிர் தொடங்குகிறது என்று 1765இல் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் எழுதினார். அதற்கு முன்னால் இருப்பது கர்ப்பம்தானா என்பதே உறுதியில்லாத காலம் அது. பரிசோதனை கிடையாது, கருவி கிடையாது. 'நாள் தள்ளிப்போயிருக்கிறது', அவ்வளவுதான். நின்றுபோன மாதவிலக்கை வரவழைப்பதாகச் சொல்லி மூலிகையும் மாத்திரையும் விற்றவர்கள் பொய் சொன்னார்களா, உண்மை சொன்னார்களா என்று எந்த நீதிமன்றத்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. துடிப்பு வந்ததா இல்லையா என்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தாள். அவள் சொன்னால் வந்தது, சொல்லாவிட்டால் வரவில்லை. அந்தச் சட்டம் பெண்ணுக்கு உரிமை கொடுக்க நினைத்து எழுதப்பட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வேறு வழியில்லாமல் அவள் சொல்லை நம்பிய சட்டம் அது.

அமெரிக்கா இந்த வழக்காற்றோடுதான் பிறந்தது. அங்கே கருக்கலைப்பைப் பற்றி முதலில் எழுதப்பட்ட சட்டம் 1821இல் கனெக்டிகட் மாநிலம் இயற்றியது. அதுவும் துடிப்பு வந்தபின் விஷம் கொடுப்பதைத்தான் தண்டித்தது. 1840களில் நியூயார்க் செய்தித்தாள்களில் 'மேடம் ரெஸ்டல்' என்ற பெயரில் ஒரு பெண் தன் மாத்திரைகளுக்கு வெளிப்படையாக விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரை வெறுத்தவர்கள் நிறைய. ஆனாலும் தொழில் பல ஆண்டுகள் நடந்தது.

இதை மாற்றியவர்கள் பாதிரியார்கள் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். மாற்றியவர்கள் மருத்துவர்கள். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1847இல் தொடங்கப்பட்டது. உரிமம் என்ற கட்டுப்பாடே பெரும்பாலும் இல்லாத அந்தக் காலத்தில் யார் வேண்டுமானாலும் மருத்துவர் என்று பலகை மாட்டிக்கொள்ளலாம். பாஸ்டனைச் சேர்ந்த ஹொரேஷியோ ஸ்டோரர் என்ற இளம் மருத்துவர் 1857இல் ஓர் இயக்கத்தையே தொடங்கினார். 1859இல் லூயிவில் நகரில் கூடிய சங்கம் துடிப்பு என்ற எல்லைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை, கரு தொடக்கத்திலிருந்தே உயிர் என்று அறிவித்து, மாநிலச் சட்டமன்றங்களைக் கடுமையான சட்டம் இயற்றும்படி கேட்டுக்கொண்டது. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் அநேகமாக எல்லா மாநிலங்களும் அப்படியே செய்தன. 1873இல் காம்ஸ்டாக் சட்டம் இதுபற்றிய பொருள்களையும் விளம்பரங்களையும் தபாலில் அனுப்புவதையே குற்றமாக்கியது. மேடம் ரெஸ்டல் 1878இல் கைதாகி, விசாரணைக்கு முன்பே தற்கொலை செய்துகொண்டார். புதிய சட்டங்கள் பொதுவாக ஒரு விதிவிலக்கை வைத்தன: தாயின் உயிரைக் காக்க வேண்டுமானால் கலைக்கலாம். அதை யார் முடிவு செய்வது? மருத்துவர். அவ்வளவு காலம் தாயிடம் இருந்த சாட்சிக்கூண்டில் இப்போது மருத்துவர் ஏறி நின்றுகொண்டார்.

மருத்துவர்கள் ஏன் இதைச் செய்தார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. மருத்துவச்சிகளையும் போட்டி வைத்தியர்களையும் தொழிலிலிருந்து ஒதுக்க ஒரு வழி என்பது ஒரு கட்சி. கருவியல் வளர்ந்தது, பாலூட்டிகளின் சினைமுட்டையை 1827இல் ஃபான் பேயர் கண்டறிந்தார், துடிப்பு ஒரு தற்செயலான எல்லை என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள் என்பது மறு கட்சி. மூன்றாவதாக ஓர் அசிங்கமான காரணமும் உண்டு. இது ஊகமில்லை, ஸ்டோரர் தாமே எழுதி வைத்தது. நாட்டில் பிறந்த புராட்டஸ்டண்ட் மனைவிமார் பிள்ளை பெறாமல் தவிர்க்க, வந்தேறிய கத்தோலிக்கர்களின் பிள்ளைகளே நாட்டை நிரப்பிவிடுவார்கள் என்ற அச்சம். மூன்றும் கலந்தே இருந்தன என்றுதான் எனக்குப் படுகிறது. எது எவ்வளவு என்று அளந்து சொல்பவரை நான் நம்புவதில்லை. ஒன்று மட்டும் உறுதி: புராட்டஸ்டண்ட் போதகர்கள் இந்தப் பேச்சில் முன்னால் நிற்கவில்லை. அவர்கள் வாய் திறப்பதில்லை என்று மருத்துவர்களே குறைப்பட்டுக்கொண்டார்கள்.

ரோமாபுரியில் மாற்றம் நடந்ததும் ஏறத்தாழ இதே காலத்தில்தான். உருவம் பெற்றது, பெறாதது என்ற வேறுபாட்டைத் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் 1588இல் ஒரே போடாகத் தூக்கி எறிந்தார். மூன்றே ஆண்டில் பதினான்காம் கிரகோரி அதைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். பிறகு 1869இல் ஒன்பதாம் பியுஸ் சபைநீக்கத் தண்டனைப் பட்டியலைத் திருத்தியபோது அந்த வேறுபாடு சத்தமில்லாமல் மறைந்தது, அதன்பின் திரும்பவில்லை. மரியாளின் அமல உற்பவம், அதாவது அவர் கருவான கணத்திலிருந்தே பாவமற்றவர் என்பது, 1854இல் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டதால்தான் இது நடந்தது என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது; ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தது என்பதைத் தவிர அதற்கு வலுவான சான்று எதையும் நான் பார்த்ததில்லை. ஆக, உங்கள் நண்பருக்குச் சொல்லுங்கள்: கண்டனத்துக்கு வயது இரண்டாயிரம், கருவுற்ற கணம் முதலே ஒரே தண்டனை என்ற இன்றைய கத்தோலிக்க விதி நிலைபெற்று நூற்றைம்பது ஆண்டுக்குச் சற்று மேல்தான் ஆகிறது.

அதன்பின் நூறு ஆண்டுகள் அமெரிக்காவில் இது மேடைப்பொருளாக இருக்கவில்லை. சட்டம் தடுத்தது, நடந்துகொண்டும் இருந்தது. வசதியுள்ளவர்களுக்குத் தெரிந்த மருத்துவர், மருத்துவமனைக் குழுவின் ஒப்புதல். இல்லாதவர்களுக்கு மறைவான அறை, சீழ்பிடித்த கருப்பை. 1962இல் இந்த மௌனம் உடைந்தது. குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்திவந்த அரிசோனாவைச் சேர்ந்த ஷெர்ரி ஃபிங்க்பைன், தாம் கர்ப்பத்தில் உட்கொண்ட தூக்க மருந்தில், கருவை ஊனமாக்கும் தாலிடோமைடு இருந்ததை அறிந்தார். மருத்துவமனை முதலில் ஒப்புக்கொண்டது. மற்றப் பெண்களை எச்சரிக்க அவர் ஒரு நாளிதழிடம் பேசியதும் பின்வாங்கியது. அவர் சுவீடன் சென்று கலைத்தார். 1964, 65இல் ருபெல்லா கொள்ளைநோய் பரவி அமெரிக்காவில் சுமார் 20,000 குழந்தைகள் பிறவிப் பாதிப்போடு பிறந்தன. இப்போது சட்டத்தைத் தளர்த்தச் சொன்னவர்கள் யார் என்று பாருங்கள்: மருத்துவர்கள். நூறு ஆண்டுக்கு முன் பூட்டியவர்களின் வாரிசுகளே சாவியைத் தேடினார்கள். 1967இல் கலிஃபோர்னியாவில் தளர்த்தும் சட்டத்தில் கையெழுத்திட்ட ஆளுநர் ரொனால்ட் ரீகன். அதே ஆண்டு நியூயார்க்கில் புராட்டஸ்டண்ட் போதகர்களும் யூத ரபிகளுமாக 21 பேர், பாதுகாப்பான மருத்துவரிடம் பெண்களை வழிகாட்டி அனுப்பும் சேவையைப் பெயர் சொல்லி அறிவித்தார்கள். மதம் ஒரு பக்கம், மதமில்லாதவர்கள் மறு பக்கம் என்ற சித்திரம் அன்று எங்கும் இல்லை.

அதே பத்தாண்டில் இன்னொரு சாட்சியும் வந்து சேர்ந்தது: கேமரா. சுவீடன் புகைப்படக்காரர் லென்னார்ட் நில்சன் எடுத்த கருவின் வண்ணப்படம் 1965 ஏப்ரலில் 'லைஃப்' இதழின் அட்டையில் வந்தது. விண்வெளியில் மிதப்பதுபோல் ஒரு சிசு, சுற்றிலும் இருட்டு, தாய் எங்கும் இல்லை. அந்தத் தொகுப்பின் படங்களில் பெரும்பாலானவை கருப்பையிலிருந்து அகற்றப்பட்ட கருக்கள் என்பது பார்த்தவர்களுக்கு உறைக்கவில்லை. அல்ட்ராசவுண்டும் பரவியபின், உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய அவளைக் கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

பெண்கள் சும்மா இருக்கவில்லை. 1969 பிப்ரவரியில் நியூயார்க் சட்டமன்றக் குழு கருக்கலைப்புச் சட்டத் திருத்தம் பற்றி நிபுணர்களிடம் கருத்துக் கேட்டது. அழைக்கப்பட்ட நிபுணர்கள் பதினான்கு ஆண்கள், ஒரு கன்னியாஸ்திரி. பெண்ணிய இயக்கத்தினர் எழுந்து, உண்மையான நிபுணர்கள் நாங்கள்தான் என்று கூச்சலிட்டுக் கூட்டத்தைக் குலைத்தார்கள். அடுத்த மாதம் தாங்களே ஒரு கூட்டம் போட்டுத் தங்கள் கருக்கலைப்புகளைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார்கள். வகுப்பில் நான் எப்போதும் நிறுத்தி நிதானமாகச் சொல்லும் இடம் இது. மருத்துவர் பார்த்து இரங்கி அனுமதிக்கும் 'சீர்திருத்தம்' வேண்டாம், சட்டத்தையே நீக்கு, முடிவு என்னுடையது என்று கோரிக்கை மாறியது இங்கேதான். கோரிக்கை மாறியதும் எதிர்ப்பின் அளவும் மாறியது. கத்தோலிக்க ஆயர்களின் ஆதரவில் 1968இல் உருவான வாழ்வுரிமை அமைப்பு மாநிலம் மாநிலமாக ஆட்களைத் திரட்டியது. 1970இல் நியூயார்க் சட்டத்தைத் தளர்த்தியது. 1972இல் அதே சட்டமன்றம் அதை ரத்து செய்ய வாக்களித்தது. குடியரசுக் கட்சி ஆளுநர் ராக்ஃபெல்லர் மறுப்பாணை போட்டுக் காப்பாற்றினார். அதே ஆண்டு மிச்சிகன் வாக்காளர்கள் தளர்த்தும் முன்மொழிவைத் தோற்கடித்தார்கள். ஆகவே கருக்கலைப்பை அரசியல் சாசன உரிமையாக்கிய உச்ச நீதிமன்றத் தீர்ப்புதான் சண்டையைத் தொடங்கியது என்ற வாதம் தேதிகளோடு ஒத்துவரவில்லை. தீர்ப்புக்கு முன்பே ஊர் இரண்டுபட்டிருந்தது.

தீர்ப்பு 1973 ஜனவரி 22இல் வந்தது. அன்றைக்கே முன்னாள் அதிபர் ஜான்சன் இறந்துவிட்டதால் மறுநாள் செய்தித்தாள்களில் பெரிய இடம் அவருக்குப் போயிற்று. ரோ எதிர் வேட் வழக்கில் ஏழுக்கு இரண்டு என்று முடிவானது. பெரும்பான்மை ஏழு பேரில் ஐவர் குடியரசுக் கட்சி அதிபர்கள் நியமித்தவர்கள். எதிர்த்த இருவரில் பைரன் வைட் ஜனநாயகக் கட்சியின் கென்னடி நியமித்தவர். தீர்ப்பை எழுதிய ஹாரி பிளாக்மன் முன்பு மேயோ மருத்துவமனையின் சட்ட ஆலோசகராக இருந்தவர். அது தீர்ப்பிலேயே தெரியும்: முதல் மூன்று மாதத்தில் முடிவு எடுக்கும் பொறுப்பை அது பெண்ணுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் மதிப்பீட்டிடம் விடுகிறது. பெண்ணுரிமையின் சின்னமாகப் பின்னால் கொண்டாடப்பட்ட ஒரு தீர்ப்பில் இத்தனை முறை மருத்துவர் வருகிறாரே என்று முதன்முறை படிக்கும் மாணவர்கள் திகைப்பார்கள்.

இனி நீங்கள் படித்த செய்திக்கு வருகிறேன். அதில் உண்மை இருக்கிறது, நிறையவே. அமெரிக்காவின் மிகப்பெரிய புராட்டஸ்டண்ட் அமைப்பான தெற்கு பாப்டிஸ்ட் சபை 1971இல் செயின்ட் லூயிஸ் நகரில் கூடி, பாலியல் வன்முறை, முறைதகா உறவு, கருவின் கடுமையான குறைபாடு, தாயின் உடல், மன, உணர்வு நலத்துக்கு வரக்கூடிய பாதிப்பு ஆகிய நிலைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டத்துக்குப் பாடுபடும்படி தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. 1973 தீர்ப்பை அதன் முன்னாள் தலைவர் கிரிஸ்வெல் வரவேற்றார். பிறந்து தாயிடமிருந்து பிரிந்தபின்தான் அது தனி மனிதன் என்பது தம் கருத்து என்றார். கருக்கலைப்பு கத்தோலிக்கர்களின் விவகாரம் என்பதே அன்றைய பாப்டிஸ்டுகளின் பொதுவான எண்ணம். அதே சபை, அதே செயின்ட் லூயிஸ் நகரில், 1980இல் கூடியபோது தாயின் உயிரைக் காக்கும் நிலை தவிர மற்றதையெல்லாம் தடைசெய்ய அரசியல் சாசனத்தையே திருத்தக் கோரியது. ஒன்பதே ஆண்டுகள்.

இந்த ஒன்பது ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதில்தான் கடும் சர்ச்சை. ராண்டால் பால்மர் என்ற வரலாற்றாசிரியரின் வாதம் இணையத்தில் மிகப் பிரபலம். நீங்கள் படித்ததும் அநேகமாக அதன் சாயல்தான். கறுப்பின மாணவர்களை விலக்கிய கிறிஸ்தவத் தனியார் கல்வி நிறுவனங்களின் வரிவிலக்கை அரசு பறித்தது. பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் 1976இல் அதை இழந்தது. அந்தக் கோபம்தான் இவாஞ்சலிக்கல் என்ற பழமைவாதப் புராட்டஸ்டண்ட் பிரிவின் தலைவர்களை அரசியலுக்கு இழுத்தது. இனப் பாகுபாட்டைக் காப்பாற்றுவது கவர்ச்சியான முழக்கமில்லை என்பதால் கருக்கலைப்பு முன்னால் வைக்கப்பட்டது என்கிறார் அவர். வலதுசாரி அமைப்பாளர் பால் வைரிக் தாமே வரிவிலக்கு விவகாரம்தான் தீமூட்டியது என்று பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் இது தலைவர்களைப் பற்றிய விளக்கம். பின்னால் திரண்ட இலட்சக்கணக்கானவர்களை இது முழுமையாக விளக்காது. சட்டபூர்வக் கருக்கலைப்புகள் 1973இல் சுமார் 7.45 இலட்சமாக இருந்து 1980இல் 15.5 இலட்சமாயின. அரிதான துயரத்துக்கு விதிவிலக்கு என்று எண்ணி ஆமோதித்தவர்கள் இந்த எண்ணைப் பார்த்து அதிர்ந்தது நடிப்பில்லை. பிரான்சிஸ் ஷேஃபர் போன்ற பிரசங்கிகள் தேவாலயம் தேவாலயமாகச் சென்று பேசியதும் நடந்த விஷயம். தலைவர்கள் ஒரு கருவியைத் தேடினார்கள், மக்களுக்கு ஒரு குமுறல் இருந்தது, இரண்டும் சந்தித்தன என்று நான் நினைக்கிறேன். மக்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்று மட்டும் சொல்வது அவர்களை மிகக் குறைத்து மதிப்பிடுவது.

கட்சிக் கணக்கு இதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. கத்தோலிக்கத் தொழிலாளர்கள் பாரம்பரியமாக ஜனநாயகக் கட்சியின் வாக்குகள். அவர்களை இழுக்கக் கருக்கலைப்பு உதவும் என்று நிக்சனின் ஆலோசகர் பாட்ரிக் புக்கானன் 1971இலேயே யோசனை சொன்னார். நிக்சன் அந்த ஏப்ரலில் இராணுவ மருத்துவமனைகளில் விதிகளை இறுக்கினார். இருந்தும் கோடுகள் உடனே நேராகவில்லை. 1971இல் ஜனநாயகக் கட்சியின் எட்வர்ட் கென்னடி கருவின் வாழ்வுரிமையைப் பற்றிக் கடிதம் எழுதினார். கறுப்பின உரிமைப் போராளி ஜெஸ்ஸி ஜாக்சன் 1970களில் கருக்கலைப்பை எதிர்த்தார். இருவரும் பின்னர் மறுபக்கம் போனார்கள். ரீகன் எதிர்த்திசையில் வந்தார். தாம் கையெழுத்திட்ட 1967 சட்டத்துக்காக வருந்துவதாகச் சொன்னார். போதகர் ஜெர்ரி ஃபால்வெல் 1979இல் தொடங்கிய 'மாரல் மெஜாரிட்டி' என்ற கிறிஸ்தவ அரசியல் அமைப்பு 1980இல் ரீகன் பின்னால் நின்றது. அந்த ஆண்டுக் குடியரசுக் கட்சி அறிக்கை சாசனத் திருத்தத்தை ஆதரித்தது. ஆனால் சாதாரண வாக்காளர்களிடம் நடந்த நீண்டகாலக் கருத்துக்கணிப்புகளைப் பார்த்தால், 1980களின் பிற்பகுதி வரை குடியரசுக் கட்சியினர்தான் கருக்கலைப்பைச் சற்று அதிகம் ஏற்றவர்கள். தலைவர்கள் முன்னே போனார்கள். தொண்டர்கள் பத்தாண்டு கழித்து வந்து சேர்ந்தார்கள். மக்கள் தங்கள் கருத்துக்கேற்ற கட்சியைத் தேடிப் போனார்களா, கட்சிக்கேற்பக் கருத்தை மாற்றிக்கொண்டார்களா? இரண்டுமே நடந்தன, விகிதம்தான் விவாதத்துக்குரியது.

மதம் இருந்தால்தான் இந்தத் தடை வரும் என்று நினைப்பவர்களுக்கு ருமேனியாவைக் காட்டுவேன். கடவுளை மறுத்த அரசு அது. மக்கள்தொகையைப் பெருக்க அதன் கம்யூனிஸ்ட் தலைவர் சௌசெஸ்கு 1966இல் 770ஆம் ஆணையால் கருக்கலைப்பைத் தடைசெய்தார். பெண்கள் மறைவிடங்களில் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். 1989 டிசம்பரில் அவர் வீழ்ந்ததும் புதிய ஆட்சி முதல் வேலைகளில் ஒன்றாக அந்த ஆணையைக் கிழித்தது. சோவியத் ஒன்றியம் 1920இல் அனுமதித்து, 1936இல் தடுத்து, 1955இல் மறுபடி அனுமதித்தது. மறுபுறம், பிரிட்டன் 1967இல் கட்சிக் கட்டளை இல்லாத வாக்கெடுப்பில், இரண்டு மருத்துவர்கள் ஒப்பினால் போதும் என்ற ஏற்பாட்டோடு சட்டமியற்றியது. இந்தியா 1971இல் தாய்மார் இறப்பையும் மக்கள்தொகையையும் முன்வைத்துச் சட்டமியற்றியது. இரண்டு இடத்திலும் அது மருத்துவச் சட்டமாகவே வைக்கப்பட்டது. அமெரிக்க அளவிலான கட்சிப் போர் மூளவில்லை. அயர்லாந்தோ தடையை 1983இல் அரசியல் சாசனத்துக்குள்ளேயே ஏற்றிப் பூட்டியது. 2012இல் கால்வே நகரில், கரு கலையத் தொடங்கியும் இதயத்துடிப்பு இருப்பதால் அகற்ற மறுக்கப்பட்ட சவிதா ஹலப்பனாவர் நச்சுக்குருதியால் இறந்தார். 2018இல் 66.4 சதவீத வாக்காளர்கள் அந்தப் பூட்டை உடைத்தார்கள். நாட்டுக்கு நாடு ஒப்பிட்டு விதி வகுப்பது ஆபத்து. என்றாலும் கேள்வியை அரசியல் சாசனத்துக்குள் வைத்த நாடுகளில் சண்டை நீண்டிருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

2022 ஜூன் 24இல் டாப்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரோ தீர்ப்பை ரத்து செய்து, முடிவை மக்களிடமும் அவர்களின் பிரதிநிதிகளிடமும் திருப்பித் தருவதாகச் சொன்னது. ஐம்பது ஆண்டுகளில் இறுகிய கட்சிக் கோடு அப்படியே வாக்குப்பெட்டியிலும் தெரியும் என்று பலர் கணித்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், தவறாகப் போயிற்று. அடுத்த ஆகஸ்டிலேயே, பழமைவாதக் கோட்டையான கான்சாஸில், மாநில சாசனத்திலிருந்து கருக்கலைப்பு உரிமையை நீக்கும் முன்மொழிவை 59 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். டாப்ஸ் தீர்ப்பு வந்த அன்றே தடையை நடைமுறைக்குக் கொண்டுவந்த மாநிலம் மிசௌரி. அங்கே 2024 நவம்பரில் ஏறத்தாழ 52 சதவீதம் பேர் அந்த உரிமையைத் தங்கள் மாநில சாசனத்தில் எழுதிச் சேர்த்தார்கள். அதே வாக்குச்சீட்டில் டிரம்ப்புக்கு 58 சதவீதத்துக்கு மேல் வாக்களித்தார்கள். அந்தத் திருத்தத்தை நீக்கலாமா என்று மறுபடியும் மக்களிடமே கேட்கும் தீர்மானத்தை மிசௌரி சட்டமன்றம் 2025 மே மாதம் நிறைவேற்றியது.